போல்ட் எந்த இடத்தில் இடறுகிறது?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, அப்பா வைத்திருந்த .22 ரைபிள், போல்ட் ஆக்‌ஷன், அதாவது போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் ரகம், ஐந்து தோட்டா மேகசின். லைசென்ஸ் இப்போது என் பெயரில் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு தடவை கிளப்பில் சுடுவேன். 2024 தேர்தலுக்கு ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியதிலிருந்தே அது சரியாக ஓடவில்லை. சுட்டுவிட்டு போல்ட்டை இழுத்தால் காலிக் கூடு சில நேரம் உள்ளேயே தங்கிவிடுகிறது. சில நேரம் அடுத்த தோட்டா மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிறது. நடுநடுவே 'டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, வெடிப்பதில்லை. தேங்காய் எண்ணெய் விட்டேன், முதல் நாள் அருமையாக ஓடியது, அப்புறம் பழையபடிதான். கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி மழுங்கிவிட்டது, அரத்தால் லேசாக ராவினால் போதும் என்கிறார் ஒருவர். போல்ட்டையே மாற்று என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்க?"

இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். முதல் வேலையாக அந்த அரத்தை வாங்கின இடத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

நான் ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பராமரித்துப் பழுது பார்ப்பவனாகச் சேர்ந்த புதிதில் இதே தப்பைச் செய்தவன். பயிற்சிக்கு வைத்திருந்த ஒரு .22, கூட்டை வெளியே இழுக்கவில்லை. கொக்கியைப் பார்த்தேன், முனை மொட்டையாகத் தெரிந்தது. ஊசி அரத்தை எடுத்து நாலு இழுப்பு இழுத்துக் கூராக்கினேன். மாட்டிப் பார்த்தால் முன்னைவிட மோசம். பெரியவர் ஒருவர், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், வந்து போல்ட்டை வாங்கினார். கொக்கிக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் குண்டூசியை விட்டு நெம்பினார். கறுப்பாக, மெழுகுத் துண்டு மாதிரி ஒன்று தெறித்து விழுந்தது, கடுகு அளவுதான் இருக்கும். "இதை எடுத்திருந்தா போதும்லே, நீ கொக்கியை எடுத்திட்டே" என்றார். அந்தக் கடுகு அளவு அழுக்குதான் கொக்கியை உள்ளே மடங்கவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. மொட்டையாகத் தெரிந்ததும் கொக்கி இல்லை, அதன்மேல் படிந்த கரிதான். புதுக் கொக்கி வந்து சேர நாலு மாதம் ஆனது. ராவின இரும்பு திரும்ப ஒட்டாது, தம்பி.

நீங்கள் எழுதியதில் மூன்று கோளாறுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கலாம், தனித்தனிக் காரணமும் இருக்கலாம். 'சரியாக ஓடவில்லை' என்று மொத்தமாகச் சொன்னால் எந்த ஆர்மரராலும் பதில் சொல்ல முடியாது. போல்ட் ஒரு சுற்றில் என்னென்ன செய்கிறது என்று பாருங்கள்: மேகசினிலிருந்து தோட்டாவைத் தள்ளுகிறது, சேம்பருக்குள் (குழலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறை) உட்கார வைக்கிறது, பூட்டுகிறது, அடிக்கிறது. திறந்தால் கூட்டைப் பிடித்து இழுக்கிறது, வெளியே தட்டிவிடுகிறது. இந்த வரிசையில் எந்த இடத்தில் இடறுகிறது என்பதைத்தான் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். தானே ஏற்றிக்கொள்ளும் ரைபிளில் எல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். போல்ட் ஆக்‌ஷனில் அது உங்கள் கையாலேயே நடக்கிறது. கனமாக இருக்கிறதா, உரசுகிறதா, கடைசியில் மட்டும் இறுகுகிறதா என்பதை உள்ளங்கை சொல்லிவிடும்.

எதைத் தொடுவதற்கு முன்னாலும் மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டைத் திறங்கள், சேம்பருக்குள் கண்ணாலும் சுண்டு விரல் நுனியாலும் பாருங்கள். பெட்டித் தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். இதை ஆயிரம் தடவை செய்தவன் ஆயிரத்தோராவது தடவை விட்டுவிட்டுத்தான் மாட்டிக்கொள்வான்.

சரி, இந்த ரகத் தோட்டாவைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் பாதி பதில் கிடைத்துவிடும். .22 லாங் ரைபிள் தோட்டா 1887-இல் வந்தது. அதன் வடிவம் இன்று வரை பெரிதாக மாறவில்லை. பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவில் பற்றவைக்கத் தனியாக ஒரு கேப் இருக்கும். இதில் அது கிடையாது. பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே சுற்றிலும் தடவியிருக்கும். ஃபயரிங் பின், அதாவது போல்ட்டுக்குள் இருக்கும் அடிக்கும் ஊசி, விளிம்பை அடித்து, சேம்பரின் ஓரத்தோடு வைத்து நசுக்க வேண்டும், அப்போதுதான் பற்றும். அந்த விளிம்பின் தடிமன் சுமார் 1.1 மில்லிமீட்டர். இரண்டாவது, குண்டு வெறும் ஈயம், மேலே மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். பெட்டியைத் திறந்து ஒன்றை உருட்டிப் பாருங்கள், விரலில் ஒட்டும். ஒவ்வொரு தடவையும் இந்த மெழுகு, ஈயத் துகள், மருந்துக் கரி மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தங்குகின்றன. பெரிய ரைபிளைவிடச் சின்ன .22 அதிகம் அழுக்காவது இதனால்தான். சத்தம் குறைவு, உதைப்பு குறைவு என்பதால் அழுக்கும் குறைவு என்று ஆட்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

இதன்மேல் தேங்காய் எண்ணெய் விட்டால் என்ன ஆகும்? முதல் நாள் அருமையாக ஓடியது என்றீர்களே, அது உண்மைதான். புது எண்ணெய் பழைய மெழுகை இளக்கியிருக்கும். அப்புறம் இளகிய மெழுகும் கரியும் எண்ணெயும் சேர்ந்து கருப்பட்டிப் பாகு பதத்துக்கு வந்து, போகக் கூடாத சந்தெல்லாம் போய் உட்கார்ந்திருக்கும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறைய ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் தண்ணீர் மாதிரி ஓடுவது, மார்கழி விடியலில் உங்கள் ஊர்ப் பக்கம் நெய் மாதிரி நிற்கும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், நாள்பட்டால் காற்றுப் பட்டுப் பிசின் மாதிரி இறுகும். பழைய வீடுகளில் துப்பாக்கிக்கு நல்லெண்ணெய் போட்டுத் துடைக்கும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்து ஒற்றைக் குழல் துப்பாக்கியில் அது ஓடும். இதில் ஓடாது. துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெய் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் தையல் மெஷினுக்கு விடுகிற மெல்லிய எண்ணெய் போதும்.

இப்போது முதல் கோளாறு, கூடு வெளியே வராதது. கொக்கி பிடிக்காமல் கூடு தங்குகிறதா, சேம்பர் விடாமல் தங்குகிறதா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும், வைத்தியம் வேறு வேறு. கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அடுத்த முறை கிளப்பில் கூடு மாட்டும்போது, மேகசினை எடுத்துவிட்டு, போல்ட்டைத் திறந்து வைத்து, உள்ளே இருப்பது சுட்டு முடித்த காலிக் கூடுதான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரேஞ்சில் பொறுப்பிலிருப்பவரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, துப்புரவுக் கம்பியைக் குழலின் வாய்ப் பக்கமிருந்து மெதுவாக விட்டுத் தொடுங்கள். தொட்டவுடன் 'சொத்'தென்று விழுந்தால் சேம்பரில் குற்றம் இல்லை, கொக்கியைப் பாருங்கள். கம்பியை அழுத்தித் தள்ள வேண்டியிருந்தால் கொக்கி பாவம், சேம்பர்தான் குற்றவாளி. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: வெடிக்காத தோட்டா உள்ளே இருந்தால் கம்பியை எடுக்கவே கூடாது. முன்பக்கமிருந்து உயிருள்ள தோட்டாவைக் குத்துவது, அதுவும் விளிம்பு முழுக்க மருந்து உள்ள தோட்டாவைக் குத்துவது, விரலையும் முகத்தையும் பணயம் வைப்பது. அது லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை.

உங்கள் விஷயத்தில் என் கை சேம்பர் பக்கம்தான் போகிறது. கூடு முடிந்து குழல் தொடங்கும் இடத்தில் கரி ஒரு வளையமாகப் படியும். வெறும் கண்ணுக்கு லேசில் தெரியாது, டார்ச் அடித்தால் சாம்பல் நிறத்தில் ஒரு மோதிரம் மாதிரி தெரியும். புதுத் தோட்டா அதில் முட்டிக் கடைசி அரை மில்லிமீட்டரில் இறுகும், போல்ட் கைப்பிடியை இறக்கும்போது கனக்கும். சுட்டதும் கூடு விரிந்து அந்த வளையத்தில் ஒட்டிக்கொள்ளும். உங்கள் அப்பா எப்போதாவது .22 ஷார்ட் என்கிற குட்டைத் தோட்டாவை இதில் போட்டுச் சுட்டாரா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். குட்டைக் கூடு முடிகிற இடம் இன்னும் பின்னால் இருப்பதால், வளையம் சேம்பருக்கு நடுவிலேயே விழும். அப்புறம் நீளமான தோட்டா போட்டால் மாட்டாமல் என்ன செய்யும்?

இதை எடுப்பது பொறுமையான வேலை. குழலுக்கு ஏற்ற வெண்கலப் பிரஷ்ஷில் கரியைக் கரைக்கும் திரவத்தை நனைத்து, பின்பக்கமிருந்து சேம்பருக்குள் விட்டுத் திருப்புங்கள். முன்னும் பின்னும் இழுக்க வேண்டாம், ஒரே பக்கமாகத் திருப்பினால் போதும். பத்து நிமிடம் ஊற விட்டு மறுபடி திருப்புங்கள். அப்புறம் பழைய பருத்தி வேட்டியைச் சதுரமாகக் கிழித்து, துணி வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். கரைக்கும் திரவம் கிடைக்கவில்லை என்றால் மண்ணெண்ணெய் ஓரளவு உதவும், ஆனால் ஒரு சொட்டுக்கூட மிச்சம் இல்லாமல் துடைத்து எடுக்க வேண்டும். முடித்தபின் சேம்பருக்குள் எண்ணெய் விடவே கூடாது. காய்ந்த சேம்பர்தான் கூட்டை ஒழுங்காக விடும். எஃகுப் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், உப்புத்தாள் எதுவும் அந்தப் பக்கமே வரக் கூடாது. உப்புத்தாள் போட்டுச் சேம்பரைப் 'பாலிஷ்' செய்துகொண்டு வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் அந்த ரைபிள் கூடுகளைப் பிளந்து பிளந்து துப்பியது.

கம்பியை வழக்கமாகப் பின்பக்கமிருந்தே விட வேண்டும். குழலின் வாய் ஓரம் ஒரு பக்கம் தேய்ந்தால் குறி போய்விடும். மேலே சொன்ன பரிசோதனைக்கு மட்டும் முன்பக்கம் விடலாம், அதுவும் குழலின் ஓரத்தில் உரசாமல்.

கொக்கிப் பள்ளத்துக்கு ஊசியும் வேண்டாம், ஸ்குரூடிரைவரும் வேண்டாம். வீட்டு விளக்குமாற்றிலிருந்து நல்ல ஈர்க்குச்சி ஒன்றை உருவிக்கொள்ளுங்கள். நுனியைப் பல்லால் கடித்துக் கொஞ்சம் தட்டையாக்குங்கள் (கரைக்கும் திரவத்தில் தோய்ப்பதற்கு முன்னால்!). இரும்பைக் கீறாது, மெழுகைச் சுரண்டிவிடும். கொக்கியை விரல் நகத்தால் வெளியே தள்ளிவிட்டுப் பாருங்கள், 'டக்'கென்று திரும்பி வர வேண்டும். சோம்பேறித்தனமாக வந்தால் அடியில் அழுக்கு இருக்கிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. சுத்தம் செய்தபின் ஒரு காலிக் கூட்டின் விளிம்பைக் கொக்கியில் மாட்டி போல்ட்டைத் தலைகீழாகப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கூடு தொங்கிக்கொண்டு நின்றால் கொக்கி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நிற்காமல் விழுந்தால் ஸ்பிரிங்கையோ கொக்கியையோ மாற்ற வேண்டும். போல்ட் முழுவதையும் மாற்றச் சொன்னவர் ஒருவேளை ஸ்பிரிங்கைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. துப்பாக்கி வீட்டில் சும்மா இருக்கும்போது பிள்ளைகளோ விருந்தாளிகளோ காலியாக ட்ரிக்கரைத் தட்டி விளையாடுவது உண்டா? பெரிய ரைபிளில் அது பெரும்பாலும் பரவாயில்லை. .22-இல் உள்ளே தோட்டா இல்லாவிட்டால் பழைய மாடல்கள் பலவற்றில் ஃபயரிங் பின் நேராகச் சேம்பரின் ஓரத்தில் போய் அடிக்கும். நாளடைவில் அங்கே ஒரு பள்ளமும், பள்ளத்தின் பக்கத்தில் உள்நோக்கி ஒரு பிசிறும் உண்டாகும். தோட்டா போவதற்கும் கூடு வருவதற்கும் அந்தப் பிசிறு தடை. ஈர்க்குச்சி நுனியில் கொஞ்சம் பஞ்சைச் சுற்றிச் சேம்பர் வாயைச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் பஞ்சு நூல் நூலாக மாட்டினால் பிசிறு இருக்கிறது. கூட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் நீளவாக்கில் கீறல் விழுவதும் அதற்கு அடையாளம். இதை ராவக் கூடாது. இதற்கென்றே உள்ள சிறு கருவியால் பிசிறை அதே பள்ளத்துக்குள் திரும்ப நசுக்கி அமர்த்துவார்கள். தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை.

அடுத்தது, தோட்டா மூக்கை முட்டுவது. ரைபிளைக் குறை சொல்வதற்கு முன்னால் உங்கள் கையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான .22 போல்ட் ஆக்‌ஷன்களில் கூட்டைத் தட்டிவிடும் துண்டு அசையாத ஒரு தகடு. போல்ட் கடைசி வரை பின்னால் வந்தால்தான் கூடு அதில் மோதி வெளியே பறக்கும். முக்கால்வாசி இழுத்துவிட்டு முன்னால் தள்ளினால் கூடு வெளியேறும் வாயிலேயே கிடக்கும், பின்னாலிருந்து அடுத்த தோட்டா அதை முட்டும். கோளாறு வந்த துப்பாக்கியை ஆட்கள் பயந்து பயந்து மெதுவாக இழுப்பார்கள். மெதுவாக இழுத்தால் கோளாறு கூடும். கூடியதைப் பார்த்து இன்னும் மெதுவாக இழுப்பார்கள். அடித்து உடைக்கச் சொல்லவில்லை. தயங்காமல், கடைசி வரை, ஒரே வேகத்தில் இழுங்கள்.

கையில் குறை இல்லை என்று தெரிந்தபின் மேகசினுக்கு வாருங்கள். உங்களிடம் இரண்டு இருந்தால் நகப்பூச்சால் ஒன்று, இரண்டு என்று குறியிட்டுக்கொண்டு, எதில் எத்தனையாவது தோட்டா மாட்டுகிறது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். ஒன்றில் மட்டும் மாட்டினால் பதில் கிடைத்தாயிற்று. இரண்டிலும் கடைசித் தோட்டா மட்டும் மாட்டினால் ஸ்பிரிங் தளர்ச்சி. முதல் தோட்டா மட்டும் மாட்டினால் நிரப்பும் முறையில் தப்பு இருக்கலாம். இந்த ரகத் தோட்டாவுக்கு விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் மேல் தோட்டா கிளம்பும்போது கீழ்த் தோட்டாவின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றாக வைத்து, பின்னால் தள்ளி, விரலால் லேசாகத் தட்டி அமர்த்தினால் இது வராது.

மேகசினின் மேல் உதடுகள் இரண்டையும் எதிர்வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று வெளியே விரிந்திருந்தால் தோட்டா அந்தப் பக்கம் கழுத்தைத் தூக்கும். சிமென்ட் தரையில் ஒரு தடவை விழுந்தால் போதும், விரிந்துவிடும். குறடால் வளைத்துச் சரி செய்யலாம் என்று தோன்றும். மெல்லிய தகடு, இரண்டாவது வளைப்பில் முறியும். புது மேகசின் வாங்குவதே லாபம்.

மண் ஒரு தனிக் கதை. உங்கள் பக்கம் சாரலும் ஈரமும் என்றால், திசையன்விளை, உவரிப் பக்கம் தேரி மண். ஆடிக் காற்றில் அந்தச் சிவப்புத் தூள் மூடிய பீரோவுக்குள்ளும் போகும். அந்தப் பக்கத்து நண்பர் ஒருவரின் மேகசினைக் கழற்றித் தாளில் தட்டினேன், ஒரு சிட்டிகை செம்மண் விழுந்தது. எண்ணெய் பூசிய ஸ்பிரிங்கில் அது உப்புத்தாள் மாதிரிதான். மேகசினுக்குள் எண்ணெயே வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். கழற்றித் துடைத்து, காய்ந்தபடியே மாட்டுங்கள்.

மேகசின் பூட்டும் கொண்டியும் தேயும். தேய்ந்தால் மேகசின் ஒரு நூல் கீழே தொங்கும், போல்ட் தோட்டாவின் தலைக்கு மேலேயே போய்விடும், அல்லது மூக்கைக் கீழே குத்தும். மருந்தில்லாத போலித் தோட்டா போட்டு, மேகசினை விரலால் மேலே தாங்கிக்கொண்டு போல்ட்டை ஓட்டுங்கள். தாங்கினால் ஓடுகிறது, விட்டால் இடறுகிறது என்றால் கொண்டியைத்தான் பார்க்க வேண்டும். இரும்பை மரக்கட்டையோடு பிடித்து வைக்கும் கட்டை ஸ்குரூவும் இதே வேலையைக் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கட்டை ஊதும், பங்குனியில் சுருங்கும். சுருங்கினபோது ஸ்குரூவை முறுக்கி, ஊதினபோது அப்படியே விட்டால் இரும்பு வளைந்து போல்ட் உரசும். ஸ்குரூவை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு போல்ட்டை ஓட்டுங்கள். திடீரென்று வழுக்கிக்கொண்டு போனால் காரணம் தெரிந்துவிட்டது.

மூன்றாவது, 'டிக்'. இதில் முதலில் பாதுகாப்பு. டிக் என்றதும் போல்ட்டைத் திறக்காதீர்கள். குழல் இலக்கைப் பார்த்தபடியே ஒரு நிமிடம் இருக்கட்டும். எப்போதாவது மருந்து தாமதமாகப் பற்றும். ஒரு நிமிடம் கழித்து, முகத்தை விலக்கி வைத்துத் திறந்து, தோட்டாவை எடுத்து விளிம்பைப் பாருங்கள். நன்றாக வெடித்த கூடு ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். பள்ளம் இரண்டிலும் ஒரே ஆழம் என்றால் ரைபிள் தன் வேலையைச் செய்துவிட்டது. அந்த இடத்தில் விளிம்புக்குள் மருந்து இல்லை, தோட்டாதான் குறை. விளிம்பு முழுக்க மருந்தைச் சீராகப் பரப்புவது எல்லாத் தயாரிப்பிலும் நூற்றுக்கு நூறு வருவதில்லை. வெடிக்காததில் பள்ளம் ஆழமில்லாமல் இருந்தால் ரைபிளின் அடி மெதுவாக விழுகிறது.

அடி மெதுவாவதற்குத் தேங்காய் எண்ணெய் ஒன்றே போதும். போல்ட்டுக்குள் ஃபயரிங் பின் ஓடும் துளை மிகக் குறுகலானது. அதற்குள் அந்தப் பாகு புகுந்தால் ஃபயரிங் பின் தேனுக்குள் விழுந்த எறும்பு மாதிரிதான் போகும். கழற்றத் தெரிந்தால் போல்ட்டைப் பிரித்து, பின்னையும் ஸ்பிரிங்கையும் கழுவி, கிட்டத்தட்ட காய்ந்த நிலையில் மாட்டுங்கள். தெரியாவிட்டால் தெரிந்தவர் கையில் ஒரு தடவை பார்த்துக்கொண்டு செய்யுங்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் பறந்தால் கட்டிலுக்கு அடியில் தேட ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். கரி வளையமும் இதில் கூட்டாளி. தோட்டா முழுசாக உட்காராமல் நின்றால், ஃபயரிங் பின் அடிக்கிற வேகத்தில் பாதி தோட்டாவை உள்ளே தள்ளவே செலவாகிவிடும். மிச்சத்தில்தான் நசுக்க வேண்டும், அது போதாது. உங்கள் மூன்று கோளாறுக்கும் ஒரே காரணம் இருக்கலாம் என்று நான் தொடக்கத்திலேயே சொன்னது இதனால்தான்.

'டிக்' பரவாயில்லை. 'புஸ்' என்று வழக்கத்தைவிட மெல்லிய சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், சில நேரம் பிளக்கும்.

தோட்டாவையும் மாற்றிப் பாருங்கள், ஆனால் கடைசியில். ஒரே நாளில் எண்ணெய், மேகசின், தோட்டா மூன்றையும் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாமல் போகும். ஒரு நாளைக்கு ஒன்று. சாதாரண இலக்குத் தோட்டா வினாடிக்கு 325 மீட்டரைச் சுற்றிப் போகும், வேக ரகம் 380-ஐத் தொடும். போல்ட் ஆக்‌ஷனுக்கு இரண்டும் ஒன்றுதான், கையால்தானே ஓட்டுகிறீர்கள். தானே ஏற்றிக்கொள்ளும் ரகங்களில்தான் இது பெரிய விஷயம். 1964-இல் வந்த ரூகர் 10/22 போன்றவற்றில் போல்ட்டைப் பூட்டும் அமைப்பே கிடையாது. போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும்தான் தாங்கும், வெடித்த கூடு பின்னால் உதைக்கிற விசையில்தான் எல்லாம் ஓடும். அதில் மெதுவான தோட்டா போட்டால் போல்ட் பாதி வழியில் திரும்பிவிடும், கூடு வாயில் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து 'வேகத் தோட்டா போட்டால் சரியாகும்' என்று உங்களுக்கு யாராவது சொல்வார்கள். அது அந்த ரகத்துக்குச் சரி. உங்களுடையதற்குக் காசுதான் வீண்.

காரின் டிக்கியில் வைத்த தோட்டாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே மாதம் பாளையங்கோட்டை வெயிலில் அரை நாள் நின்ற காருக்குள் குண்டின் மெழுகு உருகிக் கூட்டின்மேல் வழியும். அது நேராகச் சேம்பருக்குத்தான் போகும். இந்த ஒன்றை நிறுத்தியே பாதிக் கரி வளையத்தைத் தவிர்க்கலாம்.

தேர்தலுக்கு ஒப்படைத்ததைப் பற்றிச் சொன்னீர்கள். 2024-இல் மார்ச் 16 அன்று அறிவிப்பு, ஜூன் 4 எண்ணிக்கை. நடுவில் கோடை முழுவதும் துப்பாக்கி உறைக்குள் படுத்துக் கிடந்திருக்கும். அசையாமல் கிடந்தால் பழைய எண்ணெய் இறுகும். இதில் ஸ்டேஷன்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுப்பது நம் வேலை, பத்திரமாக வைப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. அடுத்த முறை ஒப்படைக்கும் முன் பழைய எண்ணெயைச் சுத்தமாக எடுத்துவிட்டு, மெல்லிய எண்ணெயைத் துணியால் ஒரு பூச்சு மட்டும் பூசுங்கள். ரெக்சின் உறை, தோல் உறை இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பருத்தித் துணி உறை தைத்துக்கொள்ளுங்கள்.

யார் கையில் கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுத்தம் செய்வது, எண்ணெய் போடுவது உங்கள் உரிமை. பழுது பார்ப்பது என்று வந்தால் 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி அதற்குத் தனி லைசென்ஸ் வேண்டும். தெருமுனை லேத் பட்டறைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரிடம் கொண்டுபோகாதீர்கள். உங்களுக்கும் வம்பு, அவருக்கும் வம்பு. ட்ரிக்கர் பக்கம் மட்டும் யாரையும் 'கொஞ்சம் லேசாக்கிக் கொடு' என்று கேட்கவே வேண்டாம்.

இந்த வேலையைச் சமையல்கட்டில் செய்யாதீர்கள். அந்தக் கறுப்பு முழுக்க ஈயம். திண்ணையில் பழைய செய்தித்தாள் விரித்துச் செய்து, தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவியபின் காப்பி குடியுங்கள். பழைய பல் பிரஷ் பயன்படுத்தினால் அதில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி வையுங்கள், வீட்டில் யாராவது தவறி எடுத்துவிடாமல் இருக்க.

இந்த வாரம் சேம்பர், கொக்கிப் பள்ளம், போல்ட்டின் உள்பக்கம் மூன்றை மட்டும் சுத்தம் செய்யுங்கள். இது மூன்றும் ஒரே அழுக்கு என்பதால் ஒன்றாகச் செய்யலாம். வேறு எதையும் தொட வேண்டாம். கிளப்பில் முதலில் மேகசின் இல்லாமல், ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட்டுப் பத்து சுடுங்கள். பத்துக் கூடும் ஒழுங்காக வந்தால், வெளியே இழுக்கும் பக்கம் முடிந்தது. அப்புறம் மேகசினில் ஐந்து ஐந்தாக நாலு தடவை. காலிக் கூடுகளை அங்கேயே கணக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும், அதனால் கொடுக்கும் முன் வரிசையாக வைத்துச் செல்போனில் கிட்டத்தில் படம் பிடியுங்கள், விளிம்பிலுள்ள பள்ளமும் பக்கவாட்டுக் கீறலும் தெரிகிற மாதிரி. எந்தத் தோட்டா எந்த இடத்தில் இடறியது என்ற நோட்டுப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினால், கொக்கியா, ஸ்பிரிங்கா, பிசிறா என்று பார்த்துச் சொல்கிறேன்.